மூன்றாம் சிலிண்டரின் வளையம்

அந்த ஸ்டூலில் உட்காராதீர்கள் சார். அதற்கு ஒரு கால் குட்டை. ஒரு துண்டுத் தகரத்தை மடித்து அடியில் கொடுத்தால் ஆட்டம் நின்றுவிடும். தகரம் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கிறது. ஆனாலும் வருகிறவர்களிடம் "அதில் உட்காராதீர்கள்" என்று சொல்வதோடு என் கடமை முடிந்துவிடுகிறது. என்னைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் வந்தீர்கள் என்றால், இதைக் கேட்டுவிட்டு நீங்கள் எழுந்து போய்விடலாம். மிச்சமெல்லாம் விளக்கவுரைதான்.

இன்ஷூரன்ஸ் சர்வேயர்கள் சுற்றி வளைத்துக் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். நீங்கள் ஒரே கேள்விதான் கேட்டீர்கள். என் தங்கை கணவர் ஓட்டியபோது ஓயாமல் ஹெட் கேஸ்கட் போய்க்கொண்டிருந்த லாரி, விபத்துக்குப் பிறகு இதே ஷெட்டில் நான் பிரித்துக் கட்டிக் கொடுத்ததும், புது முதலாளியிடம் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் ஓடுகிறதே, அது எப்படி என்று. நல்ல கேள்வி. இதை என்னிடம் யாராவது முன்பே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை என்று குறையும் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் எனக்குத் 'தலை டாக்டர்' என்று பெயர். டாக்டரிடம் போய் வியாதி ஏன் தீரவில்லை என்று யாரும் கேட்பதில்லை, நோயாளியைத்தான் திட்டுவார்கள்.

இன்ஜினுக்கு உடம்பு ஒன்று, தலை ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தகடுதான் கேஸ்கட். ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் எண்ணெய். மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொள்கிற பாவப்பட்ட பிறவி அது. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் நிற்கிறவன் மாதிரி. அது எரிந்துபோனால் மாற்றுவது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். மாற்றியதும் மறுபடி ஏன் எரிகிறது என்று கண்டுபிடிப்பவன்தான் டாக்டர். பெயர்ப்பலகையிலும் 'தலை டாக்டர்' என்று எழுதச் சொன்னேன். பெயின்டர் சிரித்த சிரிப்பில் விட்டுவிட்டேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. எப்போதும் கறுப்பாக இருக்கிற கையை எந்தப் பெண்ணுக்கும் பிடிக்காது என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையின் கையும் கறுப்புதான். அவரை என் தங்கைக்குப் பிடித்திருந்தது. ஆகவே அந்தக் காரணம் சரியில்லை என்று எனக்கே தெரியும், இருந்தாலும் வேறு காரணம் தேடுவதற்குச் சோம்பல்.

மாப்பிள்ளை எனக்குச் சொந்தமாவதற்கு முன்பே சிநேகிதர். ஒற்றை லாரி, அவரே முதலாளி, அவரே டிரைவர். வண்டியை இங்கே விட்டால் வீட்டுக்குப் போகாமல் என்னோடு செஸ் ஆடுவார். என் போர்டில் பாதிக் காய்கள் தொலைந்துவிட்டன. ராணிக்குப் பழைய டீசல் நாஸில், யானைக்கு நட்டு. மந்திரியாக ஒரு வால்வு ஸ்பிரிங் இருந்தது, அதுவும் உருண்டு ஓடிவிட்டது. நீங்கள் உட்காரப் போன ஸ்டூல் அவருடையது. அது ஆடாமல் உட்காரத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். குட்டைக் கால் பக்கம் தன் காலை ஊன்றி முட்டுக் கொடுத்துக்கொள்வார். தோற்றால் தொடையில் தட்டிச் சிரிப்பார். அடிக்கடி தோற்பார்.

முதல் தடவை ரேடியேட்டரில் குமிழி வருகிறது என்று வண்டியைக் கொண்டுவந்தார். தலையைத் தூக்கினேன். மூன்றாம் சிலிண்டர் ஓரத்தில் கேஸ்கட் தீய்ந்திருந்தது. நான் அவசரக்காரன் இல்லை. தலை வளைந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், நேராக இருந்தது. போல்ட்டுகள் நீண்டுபோயிருந்தன, புதிது வாங்கினேன். பிறகு லைனர்களை அளந்தேன். பிஸ்டன் ஓடுகிற குழாய்க்கு லைனர் என்று பெயர். எல்லா லைனரும் பிளாக்கின் மட்டத்துக்கு ஒரு முடியளவு மேலே நிற்க வேண்டும், எல்லாம் ஒரே உயரத்தில். அப்போதுதான் கேஸ்கட்டுக்குப் பிடிமானம். மூன்றாவது லைனர் மட்டும் தாழ்ந்திருந்தது. அதற்கு மேல் தங்கத்தில் கேஸ்கட் செய்து போட்டாலும் எரியும்.

வைத்தியம் சுலபம். அந்த லைனரைக் கழற்றி, அடியில் மெல்லிய செம்பு வளையம் ஒன்றைக் கொடுத்தால் அது மற்றவற்றின் உயரத்துக்கு வந்துவிடும். அன்றே லேத்துக்காரரிடம் போய் அளவு சொல்லி வளையத்தைக் கடைந்து வாங்கினேன். மறந்துவிடக் கூடாது என்று அதில் மூன்று என்று ஒரு குத்தும் குத்தினார். அந்த வளையத்தைத்தான் நீங்கள் இன்ஜினைப் பிரிக்க வைத்து இப்போது போட்டோ எடுத்து வைத்திருக்கிறீர்கள்.

வளையத்தோடு திரும்பி வந்தேன். மாப்பிள்ளை போர்டில் காய்களை அடுக்கி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மச்சான், எப்ப கிளம்பலாம்? இதோட பிரச்சினை தீந்துடும்ல?"

"தீந்துடும் மாப்ளே. அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டீங்க."

விளையாட்டாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று புரிந்தது. அன்று காலை தங்கை வேறு போனில், "இவரு இன்னும் ரெண்டு நாள் வீட்ல இருந்தா நல்லா இருக்கும்ணா" என்று சொல்லியிருந்தாள். அண்ணன் என்று ஒருவன் எதற்காக இருக்கிறான்? வளையத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முதல் ஆட்டத்துக்கு உட்கார்ந்தேன். அடுத்த நாள் புது கேஸ்கட்டை வைத்து, புது போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சு வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குப் படிப்படியாக முறுக்கினேன். பாடப் புத்தகத்தில் படம் போடலாம், அவ்வளவு சுத்தமான வேலை. அந்த ஒன்றைத் தவிர.

நான் எதையும் உடைக்கவில்லை, தயவுசெய்து இதை எழுதிக்கொள்ளுங்கள். செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டேன். ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் வண்டி திரும்பி வந்தது. வெள்ளைப் புகை, அதே மூன்றாம் சிலிண்டர். எனக்கு வருத்தமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். சந்தோஷமாக இருந்தது சார். போர்டைத் துடைத்து வைத்தேன். பாகம் வருவதற்குத் தாமதம், ஹெட்டை அனுப்பியிருக்கிறேன், இன்னும் வரவில்லை என்று நாள்களை நீட்டினேன். பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. வளையம் சட்டைப்பையிலிருந்து அந்தக் கண்ணாடி பக்கத்து ஆணிக்குப் போயிற்று. தினமும் தலை சீவும்போது அதைப் பார்ப்பேன். என் முகத்தை அவ்வளவாகப் பார்க்க மாட்டேன்.

இதில் பெரிய வேடிக்கை, கேஸ்கட் போகாமல் தடுப்பது எப்படி என்று நான் அவருக்கு எடுத்த வகுப்புகள். இன்ஜின் சூடாவதற்குள் விரட்டாதீர்கள். நிறுத்தினதும் அணைக்காதீர்கள், கொஞ்ச நேரம் சும்மா ஓடவிடுங்கள். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பரைப் பாருங்கள். எல்லாம் சரியான அறிவுரைதான், ஒரு வார்த்தை பொய்யில்லை. படிப்பது இராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்களே, அந்த இரண்டு வேலைக்கும் சேர்த்து நான் ஒருவனே போதுமானவன்.

அவர் ஒன்றுவிடாமல் கேட்டார், அதுதான் கஷ்டம். சாமான் இறக்குகிற இடத்தில் மற்ற டிரைவர்களெல்லாம் வண்டியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். இவர் மட்டும் சீட்டிலேயே உட்கார்ந்து இன்ஜின் ஆறட்டும் என்று காத்திருப்பாராம். "என்னய்யா, வண்டிக்குத் தாலாட்டு பாடித் தூங்க வைக்கிறியா?" என்று கிண்டல் செய்வார்களாம். "எங்க மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பாராம். இதை அவரே இங்கே உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் ஆட்டம் நல்ல கட்டத்தில் இருந்தது, அதனால் ரொம்ப நேரம் வெட்கப்பட முடியவில்லை.

இவ்வளவு செய்தும் வண்டி நின்றால் மனிதன் யாரைச் சந்தேகப்படுவான்? என்னை அவர் சந்தேகப்படவில்லை. தன்னையே சந்தேகப்பட்டார்.

"தப்பு என் மேலதான் மச்சான். ஏத்தத்துல எனக்கு கியர் சரியா விழலை போலிருக்கு. வயசாகுதோ என்னவோ."

"போகப்போகப் பழகிடும் மாப்ளே" என்றேன்.

மீசை முளைத்த நாளிலிருந்து ஸ்டியரிங் பிடிக்கிற மனிதரிடம் அப்படிச் சொன்னேன். அதை நினைத்தால் சில நாள் சோறு இறங்குவதில்லை. மற்ற நாள்களில் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

பாதி வழியில் நிற்கிற வண்டி என்று பெயர் பரவிவிட்டதால் அவருக்கு லோடு கொடுப்பவர்கள் குறைந்தார்கள். லோடு குறைந்ததால் இங்கே இன்னும் அதிக நேரம் உட்கார்ந்தார். ஆனால் தோற்றால் தொடையில் தட்டுவது நின்றுவிட்டது. என்னைத் தவிர அது யாருக்கும் தெரிந்திருக்காது. அப்போதாவது ஆணியிலிருந்து வளையத்தை எடுத்திருக்கலாம்.

ஒருமுறை வண்டி வெளியூரில் நின்றது. ரோட்டோரத்தில் எவனோ ஒரு மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "லைனர் உயரத்தை அளந்தாங்களா?" என்று கேட்டிருக்கிறான். மாப்பிள்ளை வந்து அதை அப்படியே என்னிடம் ஒப்பித்தார். "ரோட்டோர வைத்தியனுக்கு வாய் நீளம்" என்று சிரித்தேன். அன்று ஆட்டத்தில் என் ராணியை நானே தூக்கிக் கொடுத்துவிட்டேன். நான் வேண்டுமென்றே விட்டுக்கொடுக்காமல் அவர் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அந்த ரோட்டோர மெக்கானிக்கின் முகத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் அவனைப் போல நான் யாரையும் வெறுத்ததில்லை.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை தானாகவே ஓர் அலாரம் வாங்கிப் பொருத்திக்கொண்டார். ரேடியேட்டரில் தண்ணீர் இறங்கினால் டிரைவர் காதுக்குப் பக்கத்தில் குழந்தை மாதிரி வீரிட்டுக் கத்தும். "இனிமே ஏமாற மாட்டேன் மச்சான்" என்றார்.

பிறகு அந்தச் சுரங்க வேலை வந்தது. மலைக்கு அந்தப் பக்கம். நிரந்தர ஓட்டம், குடும்பத்தோடு தங்க வீடு. தங்கை பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"அண்ணா, இனிமே தினம் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவார்ணா. இத்தன வருஷத்துல இப்பத்தான் குடும்பம் மாதிரி இருக்கப்போறோம்."

நான் இதுவரை செய்ததெல்லாம் தங்கைக்காக என்றால், அவள் கேட்டது இதோ கிடைத்துவிட்டது. ஓடிப்போய் ஆணியிலிருந்து வளையத்தை எடுத்து லைனருக்கு அடியில் வைத்து, வழியனுப்பி வைத்திருக்க வேண்டும். இதை நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். எனக்கும் கொஞ்சம் புத்தி உண்டு, வேலைக்குத்தான் ஆவதில்லை.

புறப்படுவதற்கு முன் "ஒரு தடவை முழுசா பாத்துக் குடுங்க மச்சான்" என்று வண்டியை விட்டுவிட்டுப் போனார். முழுசாகப் பார்த்தேன். அவர் இல்லாத ஷெட் எப்படி இருக்கும் என்றும் பார்த்தேன். ஸ்டூல் இருந்தது, போர்டு இருந்தது. எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது சார். பேய் பிசாசுக்கெல்லாம் பயப்படாதவன் ஒரு ஸ்டூலைப் பார்த்துப் பயந்தேன்.

யோசித்தேன். வழியில் தண்ணீர் இறங்கினால் அலாரம் கத்தும். அடிவாரத்திலேயே நிறுத்துவார். சுரங்கத்தின் மெக்கானிக்குகள் வருவார்கள். அவர்களிடம் நல்ல கருவிகள் இருக்கும், லைனரை அளந்துவிடுவார்கள். என் பெயர் கெடும். அதைவிட, அவர்கள் அதைச் சரிசெய்துவிடுவார்கள். வண்டி அங்கேயே நன்றாக ஓடும்.

அலாரத்தின் ஒயரைக் கழற்றினேன். அறுக்கவில்லை, கழற்றினேன். கழற்றினதை மறுபடி மாட்டிக்கொள்ளலாம் அல்லவா? அந்த வித்தியாசம் அன்று எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இன்ஜின் ஏற்றத்தில் காய்ந்து, தலை விரிசல் விட்டு, இந்த வண்டி மலைக்கு லாயக்கில்லை என்று சுரங்கத்துக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். என் திட்டம் அதோடு முடிந்துவிட்டது. செஸ்ஸிலும் எனக்கு அடுத்த நகர்த்தலுக்கு மேல் தெரியாது. மாப்பிள்ளை அதைவிட மோசமாக ஆடுவார் என்பதால்தான் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

ஏற்றத்துக்கு அப்புறம் இறக்கம் இருக்கும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். மலையில் ஏறினால் இறங்கத்தான் வேண்டும் சார். தெரியும்.

ஏற்றத்தில் கேஸ்கட் போய், தண்ணீர் முழுவதும் வெளியேறிவிட்டது. தண்ணீரே இல்லாவிட்டால் சூடு காட்டுகிற முள் கீழே இறங்கிவிடும், ஏனென்றால் அது அளப்பது தண்ணீரைத்தான். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் மாப்பிள்ளை முதலில் அதைத்தான் சொன்னார்.

"முள்ளப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன் மச்சான். கீழதான் இருந்துச்சு. அலாரமும் கத்தலை. எங்க தப்பு பண்ணேன்னே தெரியலை."

உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் இன்ஜின் இறுகி நின்றது. இன்ஜின் நின்றால் அந்தக் கனத்துக்கு ஸ்டியரிங் கல்லாகிவிடும், கொஞ்ச நேரத்தில் பிரேக்கின் காற்றும் தீர்ந்துவிடும். பள்ளத்தின் பக்கம் போகாமல் பாறைப் பக்கம் திருப்பியிருக்கிறார். எவ்வளவு பலம் வேண்டும் தெரியுமா? அந்த மனிதருக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று நான் நம்ப வைத்திருந்தேன். கேபின் நசுங்கி, இரண்டு காலும் முட்டிக்குக் கீழே போய்விட்டன. வீட்டில் சாக்கு மூட்டைகள் கட்டினபடியே இருந்தன. அவற்றை நான்தான் அவிழ்த்தேன்.

உங்கள் முதல் அறிக்கையில், 'ஓட்டுநர் தொந்தரவாக இருக்கிறதென்று தானே அலாரத்தைக் கழற்றியிருக்கலாம்' என்று எழுதியிருந்தீர்கள். மாப்பிள்ளை அதைப் படித்துவிட்டு, "நான்தான் கைபட்டுக் கழட்டிட்டேனோ மச்சான்?" என்று என்னையே கேட்டார். "இருக்கலாம் மாப்ளே, மறந்திருப்பீங்க" என்றேன். அப்போது என் குரல் எப்படி இருந்தது என்று யாராவது பதிவு செய்திருந்தால் கேட்க ஆசை. அன்பாகத்தான் இருந்திருக்கும்.

தினமும் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போகிறேன். அவரால் இங்கே வர முடியாது. கட்டிலின் மேல் போர்டை வைத்து ஆடுகிறோம். ஒருநாள் தங்கை டீ கொண்டுவந்து வைத்தாள். என் வாய் சும்மா இருக்குமா? "நீ ஆசப்பட்ட மாதிரி வீட்லயே இருக்கார் பாரு" என்றேன். ஆறுதல் சொல்வதாக நினைப்பு.

அவள் தட்டைப் பிடித்தபடி நின்றாள். "நான் எப்பண்ணா ஆசப்பட்டேன்?"

"போன்ல சொன்னியே. இன்னும் ரெண்டு நாள் இருந்தா நல்லாருக்கும்னு."

"அன்னிக்கு அவருக்குக் காய்ச்சல். காய்ச்சலோட ஓட்ட வேணாமேன்னு சொன்னேன். ஒரே ஒரு தடவ." பிறகு என் முகத்தைப் பார்த்து, "அதப் போயி இத்தன நாளா ஞாபகம் வச்சிருந்தியா?" என்றாள். மெச்சுகிறாளா, வேறு எதையாவது யோசிக்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. மாப்பிள்ளைதான், "மச்சானுக்கு எல்லாமே ஞாபகம் இருக்கும்" என்றார்.

வண்டியை விற்பதற்கு முன் நான் இன்ஜினைக் கட்டினேன். ஆணியிலிருந்து வளையத்தை எடுத்து மூன்றாம் லைனருக்கு அடியில் வைத்தேன். வைக்காமலே விட்டிருந்தால் இன்று நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள். ஆனால் கெட்ட பெயரோடு ஒரு வண்டி என் கையைவிட்டுப் போவதை என்னால் தாங்க முடியவில்லை. போட்டதோடு நின்றேனா? புது முதலாளியிடம், "இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, வேற எந்த மெக்கானிக்கும் கண்டுபிடிச்சிருக்க மாட்டான்" என்று பெருமை வேறு. நுணலும் தன் வாயால் கெடும். அவர் உங்களிடம் சொல்ல, நீங்கள் லேத்துக்காரரிடம் போக, அவர் ரொம்பப் பெருமையாக, "அதுவா, முதல் தடவ ஹெட்டப் பிரிச்சப்பவே கடைஞ்சு குடுத்தேனே" என்று சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர், ஞாபகசக்தி அதிகம்.

ஆம். மூன்றாம் லைனர் தாழ்ந்திருக்கிறது என்று முதல் நாளே தெரியும். அதற்கான வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு முறையும் தலையை மூடினேன். அலாரத்தைக் கழற்றியது நான். மாப்பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை. இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

வருகிற வழியில் அவர்கள் வீட்டுக்குப் போய், வளையத்தைப் பற்றிக் கண்டுபிடித்ததையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்றீர்கள். இனிமேல் அந்தப் பக்கம் வர வேண்டாம் என்று அவர் சொல்லி அனுப்பியதையும் சொன்னீர்கள். காதில் விழுந்தது. கோபத்தில் சொல்லியிருப்பார். இயல்பில் கோபக்காரர் இல்லை சார், உங்களுக்கு அவரைத் தெரியாது. நேற்று ஆட்டம் பாதியில் நிற்கிறது. காய் நகர்த்த வேண்டியது அவர்.

கையெழுத்து எங்கே போட வேண்டும், காட்டுங்கள். நான் பொழுது சாய்வதற்குள் கிளம்ப வேண்டும். முன்னெல்லாம் அவர் எந்த ஊரில் இருக்கிறாரோ, எப்போது வருவாரோ என்று தெருவையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது அந்தக் கவலை இல்லை. எப்போது போனாலும் வீட்டில்தான் இருப்பார்.